கரிய யானையும் ஒளிரும் வானமும்

மின்னேரியாக் குளக்கரையில் மாலை வெயிலுக்கு எதிரே நிற்கும் யானையைப் படம் பிடிப்பது கடினம். வானத்துக்கு ஏற்ப ஒளியை அமைத்தால் யானை வெறும் நிழலாகிவிடும். யானைக்கு ஏற்ப அமைத்தால் வானம் வெளிறிவிடும். நமது கண் காணும் இரண்டையும் கெமரா ஒரே தடவையில் பதிவதில்லை.

இதற்கு வழி எச்.டி.ஆர். முறை. ஒரே காட்சியை இருட்டாக, இயல்பாக, வெளிச்சமாக மூன்று முறை எடுத்து, தெளிவான பகுதிகளை ஒன்றிணைப்பார்கள். 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கொன்று, வானுக்கொன்றென இரு நெகட்டிவ்களை இணைத்தார்.

விலங்கோ அசையும். படங்களுக்கிடையே யானை காதை ஆட்டினால் ஒரு காது இரண்டாகத் தெரியும். ஆய்வாளர்கள் யானைகளைக் காதின் வடிவத்தாலும் கிழிசல்களாலும் அடையாளம் காண்கிறார்கள். அப்படியானால் அந்தப் படம் பொய்ச் சாட்சி அல்லவா?

ஆகவே அசையும் விலங்கை வானம் வெளிறாதவாறு 'ரோ' கோப்பாக ஒரே தடவை எடுத்து, பின்னர் கணினியில் நிழற்பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்குவதே சிறந்தது. மூன்று படங்களை இணைத்துப் பழக, நான் எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனை உறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அளவோடு செய்தால் அதன் ரோமம் இழையிழையாகத் தெரியும்; மிஞ்சினால் பூனை பொம்மையாகிவிடும். தோழிகளே, கையிலுள்ள தொலைபேசியிலேயே நீங்களும் முயன்று பாருங்கள்.