வீட்டிலிருந்து பணி: பிறருக்கும் பாதுகாப்பு

கொரோனா தொற்றியவர், அறிகுறி தோன்றுவதற்கு 2 நாள் முன்பே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும். ஆகவே, காய்ச்சல் வந்தபின் விடுப்பு எடுப்பது மட்டும் போதாது.

ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாருபவர் அவ்வேலையை வீட்டிலிருந்து செய்ய இயலாது. கணக்கு எழுதுபவருக்கும் கணினியில் பணிபுரிபவருக்கும் அது இயலும். அவர்கள் வீட்டிலிருந்தால் பேருந்திலும் அலுவலகத்திலும் நெரிசல் குறையும். வெளியே வந்தே தீரவேண்டியவருக்கும் அது பாதுகாப்பாகும்.

நிறுவன உரிமையாளர்கள் இத்தகைய பணிகளைக் கண்டறிந்து, ஊதியம் குறைக்காமல் அனுமதிக்க வேண்டும். பணியாளர்கள் வேலை நேரத்தை வரையறுத்துக்கொண்டு, மணிக்கொரு முறை எழுந்து நடப்பது நன்று. வீட்டில் முதியவரோ, நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவரோ இருப்பின், மேலதிகாரியிடம் தயங்காது தெரிவியுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அன்று, நோய்த்தடுப்பு.