முகத்தின் நிறமும் மூன்று எண்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

தன் முகத்தைத் தானே நேரில் காண எவராலும் இயலாது. கண்ணாடியோ நிழற்படமோ ஓவியமோ துணைக்கு வரவேண்டும். ஓவியர் வின்சென்ட் வான் கோ சுமார் 35 தன்னுருவ ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை 1886 முதல் 1888 வரை பாரிஸில் வாழ்ந்தபோது வரைந்தவை. எதிரே அமர்வோருக்குக் கூலி கொடுக்கப் பணமில்லாததால், தம் முகத்தையே வண்ணங்களின் சோதனைக்கூடமாக ஆக்கிக்கொண்டார். எனக்கு அச்சோதனைக்கூடம் நம் கல்லூரிக் கணினி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக்காகப் படம் எடுத்த இடத்தில், கேளாமலே என் முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். களை பறித்துவிட்டு வந்த அம்மா அதைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார். அந்தக் கேள்வியே இச்சோதனைக்குத் தூண்டுகோல்.

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஆகவே 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் என் படத்தைத் திறந்து கன்னத்தை அளந்தேன். சிவப்பு 112, பச்சை 72, நீலம் 50. என்னைவிட வெளுத்த நண்பனின் கன்னம் 214, 146, 112. வண்ணச் சக்கரத்தில் நான் நிற்பது 21ஆம் பாகையில். அவன் நிற்பது 20ஆம் பாகையில்! இருவருமே ஆரஞ்சு வண்ணத்தின் பிள்ளைகள்தாம். வேறுபாடெல்லாம் வெளிச்சத்தின் அளவில்தான் பெரிதும் உள்ளது.

முகத்தை வெளுப்பது என்றால் என்ன? மூன்று எண்களையும் உயர்த்துவதுதான். என் நெற்றியில் ஒளி படும் இடத்தில் சிவப்பு 180. அதனுடன் 90 கூட்டினால் 270. ஆனால் 255க்கு மேல் இடமில்லை. மேட்டுக்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு அங்கே அழிகிறது. கன்னத்தின் செம்மையும் சாயம்போன துணிபோல மங்குகிறது. நிறத்தோடு முகத்தின் அமைப்பும் போய்விடுகிறது.

பின்பு முகத்தின் எண்களைத் தொடாமல் பின்புலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பின்புலத்தில் முகம் உள்ளதைவிடக் கறுத்துத் தோன்றியது. மஞ்சள், காவி போன்ற அண்டை வண்ணங்களில் அமைதியாகத் தெரிந்தது. சக்கரத்தில் நேர் எதிரே, 201ஆம் பாகையில் உள்ள நீலத்தை ஆழமாக்கி வைத்தபோதோ, விளக்கேற்றியதுபோல ஒளிர்ந்தது! முகத்தின் எண்களோ அதே 112, 72, 50தான்.

இதற்கு விளக்கம் தந்தவர் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல். பாரிஸில் உள்ள கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப்பகுதிக்குத் தலைவராக இருந்தபோது, கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில் குறை சாயத்தில் இல்லை. பக்கத்தில் வைத்த வண்ணங்களில் இருந்தது. ஒரு நிறத்தின் தோற்றத்தை அண்டை நிறம் மாற்றுகிறது என்பதை 1839இல் நூலாக வெளியிட்டார். வான் கோ 1889இல் தீட்டிய தன்னுருவத்தில் ஆரஞ்சு நிறத் தாடி நீலப்பச்சைப் பின்புலத்தில் சுடர்வதும் இவ்விதியால்தான்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளைச் சுவர் முன் நின்றால், தானியங்கிக் கேமரா 'வெளிச்சம் மிகுதி' எனக் கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் மேலும் இருளும். அடையாள அட்டைக்கு வெள்ளைப் பின்புலம்தான் வேண்டுமென்றால், முகத்தின்மேல் தனியே ஒளி விழச் செய்யலாம். வெளுக்கத் தேவையில்லை.

தோழர்களே, அடுத்த ஆண்டு மலருக்குக் குழுப்படம் எடுக்கும்போது, வெள்ளைச் சுவரை விட்டு ஆழ்ந்த நீலத் திரையொன்றின் முன் நிற்போம். அழகில்லை என்று நாம் பழித்த பல படங்களில் குறை முகத்தில் இல்லை. முகத்திற்குப் பின்னால் இருந்தது. வண்ணம் பற்றிய இயற்பியல் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம் இதுவே.