இல்லாத ஊர்கள் – 14: சீப் ஹோட்டலில் கொஞ்சம் கேவியர்

போன வாரம் 'சைபர்பங்க் 2077' வீடியோ கேமில் வரும் நைட் சிட்டியின் குப்பைமேட்டில் நின்றோம். இந்த வாரம் அந்த ஊரின் விளம்பரப் பலகைகளைப் பார்ப்பதாகப் பேச்சு. பலகைகள் எங்கும் ஓடிவிடாது. அதற்குமுன் கேவியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவலை இன்டர்ப்ளே நிறுவனம் 1988இல் வீடியோ கேமாக்கியது. சீபா நகரத்து மதுக்கடை ஒன்றில், செயற்கை ஸ்பகெட்டித் தட்டில் முகம் புதைத்தபடி நம் நாயகன் கண்விழிக்கிறான். முதல் வசனமே சாப்பாட்டுக்குக் காசு எங்கே என்பதுதான். கையில் சில்லறை, கணினி அடகுக்கடையில். அதற்கப்புறம் உலகத்தைக் காப்பாற்றலாம்.

இந்த ஊரில் கிரேஸி எடோ என்றொரு மென்பொருள் வியாபாரி இருக்கிறார். காம்லிங்க் என்ற நிரலின் அடுத்த பதிப்பு அவரிடம் உண்டு. அதைக் கேவியருக்கு மாற்றிக்கொள்ள அவர் தயார். கேவியர், அதாவது உப்பிட்ட மீன்முட்டை, பணக்காரர்களின் தீனி. அது இந்தக் கடன்காரனுக்கு எங்கே கிடைக்கும்? அவன் தங்கியிருக்கும் விடுதியில். விடுதியின் பெயரே சீப் ஹோட்டல். அதன் கணினியில் விருந்தாளிக்கான பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் ரூம் சர்வீஸ் பட்டியல் வரும். அதில் கேவியர் இருக்கிறது. ஆர்டர் செய்தால் பொருள் வந்துவிடும், தொகை அறைக் கணக்கில் ஏறும்.

இதுவரைக்கும் சாதாரணம். என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான். அதே கணினிக்கு இன்னொரு பாஸ்வேர்டு உண்டு, நிர்வாகத்துக்கானது. அதைக் கண்டுபிடித்து நுழைந்தால் உங்கள் பில்லை நீங்களே திருத்தலாம்! கேவியரைத் தின்னக் கொடுத்து, மென்பொருளை வாங்கிக்கொண்டு, கணக்கிலும் கை வைத்துவிட்டு, கௌரவமான வாடிக்கையாளராக அறையைவிட்டு வெளியே வரலாம்.

ஆண்டைக் கவனியுங்கள், 1988. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை என்ற யோசனையைத் தாளில் எழுதிக் கொடுத்தது 1989இல். அமேசான் புத்தகம் விற்க ஆரம்பித்தது 1995இல். ஆன்லைனில் வாங்குவது அப்போது அடியோடு இல்லாத சங்கதி என்றும் சொல்ல முடியாது. கம்ப்யூசெர்வ் தன் சந்தாதாரர்களுக்கு மின்னணு அங்காடி ஒன்றை 1984இலேயே திறந்துவிட்டது. அதே 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயதுப் பாட்டியம்மா ஒருவர் தன் வீட்டு டிவி ரிமோட்டை அழுத்தி, டெஸ்கோ கடையிலிருந்து மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை மூன்றையும் வரவழைத்தார். டிவியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கடைக் கணினியோடு இணைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டவர் மைக்கேல் ஆல்ட்ரிச். 1979இல் செய்து காட்டியது. நியூரோமான்சர் நாவல் அச்சாகி வந்ததும் அதே 1984இல்தான். கிப்சன் அதைத் தட்டச்சு மெஷினில் அடித்தார். எதிர்காலத்தை எழுதியவர் கணினி இல்லாமல் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பாட்டி சத்தமில்லாமல் முட்டை வாங்கிவிட்டார். எனக்கு இருவர்மேலும் மரியாதை உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் பாட்டிமேல்.

சரி, இனி நைட் சிட்டி. 'சைபர்பங்க் 2077' வெளிவந்தது 2020 டிசம்பரில். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் அந்த ஊருக்கு எத்தனை வெளிச்சம் போட்டிருக்கிறார்கள் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே வீடு வாங்க, கார் வாங்க வலைப்பக்கங்கள் உண்டு. 2022இல் வந்த மேம்பாட்டுக்குப் பிறகு, நாயகி வி (நாயகனாகவும் ஆடலாம்) தன் வீட்டுக் கணினியில் ஈஸி எஸ்டேட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து புது வீடு பிடிக்கலாம். அந்த ஊர்ப் பணத்தில், நார்த்சைடில் ஓட்டை உடைசல் அறைக்கு 5,000, கார்ப்போ பிளாசாவில் மாளிகை மாதிரி ஒன்றுக்கு 55,000. ஒருமுறை கட்டினால் போதும். மாத வாடகை இல்லை, முன்பணம் இல்லை, வீட்டு உரிமையாளர் கதவைத் தட்டுவதும் இல்லை. பெருநிறுவனங்கள் மனிதனை உயிரோடு உரிக்கிற ஊராம் அது. அங்கே வீடு கிடைப்பது இத்தனை சுலபம் என்றால் நான் நாளைக்கே குடிபோய்விடுவேன்.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. வி நினைத்தால் கண்காணிப்புக் கேமராவை முடக்கலாம், துப்பாக்கிக் கோபுரத்தை எதிரியின் பக்கமே திருப்பலாம், எதிரில் நிற்பவனின் செயற்கைக் கண்ணையே குருடாக்கலாம். அத்தனையும் உடைபடும் அந்த ஊரில் உடைக்கவே முடியாத பாதுகாப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கார் விற்கும் வலைப்பக்கத்தில். கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். விலையைத் திருத்த முடியாது, அடுத்தவன் கணக்கில் எழுத முடியாது, கடனும் சொல்ல முடியாது.

கற்பனை ஊரில் ஒரு கடையை நான் நம்ப வேண்டுமானால், அதை ஏமாற்ற முடிய வேண்டும். அதுவும் என்னை ஏமாற்ற வேண்டும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி, இரண்டு தரப்பும் சந்தேகத்தோடு புரட்டுகிற ஒரு கணக்கு நடுவில் கிடக்க வேண்டும். சீப் ஹோட்டலில் அது கிடக்கிறது. அதே 1988 சீபாவில் உடல் உறுப்புகளை வாங்கும் கடையும் உண்டு. காசு தீர்ந்தால் உங்கள் உறுப்பை விற்கலாம். திரும்ப வாங்கப் போனால் விற்றதைவிட அதிக விலை சொல்வான். இதற்குமேல் நம்பகமான கடை எந்த உலகத்தில் இருக்கிறது?

நைட் சிட்டிக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டோஃபிக்ஸர் என்ற அந்த கார் பக்கம் 2023இல் வந்தது. அத்துடன் வந்த துணைக்கதையில் எல் கேப்பிட்டன் என்ற தரகருக்காக நீங்கள் கார் திருடிக் கொடுத்தால், ஆட்டோஃபிக்ஸரில் உங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கும். திருட்டுக்குப் பரிசாகக் கடையில் விலைக்குறைப்பு! இந்த ஒரு இடத்தில் எழுதியவர் ஊரைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

அதற்கு முன்பு, 2020இல், கார் விற்பனை எப்படி நடந்தது தெரியுமா? ஒவ்வொரு வட்டாரத்துத் தரகரும் வியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். நல்ல வண்டி, இன்ன விலை, வந்து பார். செய்தி வருவதோடு விடாது, நீங்கள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். உயிர் போகிற வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு கார் விளம்பரம். ஆடியவர்கள் எரிச்சலில் கத்தினார்கள். எனக்கோ அந்த ஊரில் கண்ட விளம்பரங்களிலேயே உண்மையானது அதுதான் என்று தோன்றுகிறது. தெருவின் நியான் பலகைகளை நான் அண்ணாந்து ரசித்தேன். கைபேசிச் செய்தியைத்தான் வைதேன். ரசிக்கப்படுகிற விளம்பரம் அழகுப்பொருளாகிவிடுகிறது. வையப்படுகிறபோதுதான் அது விளம்பரம்.

இந்த இடத்தில் பிரெண்டன் வந்திருக்க வேண்டும். போகிறவர் வருகிறவரிடம் அன்பாகப் பேச்சுக் கொடுத்துத் தின்பண்டம் விற்கும் அந்த வெண்டிங் மெஷினை அரை பத்தியில் அடைக்க எனக்கு மனமில்லை, பக்கமும் இல்லை. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது.

ஆகவே பலகைகளும் பிரெண்டனும் அடுத்த வாரம். கூடவே ரூபி-கா என்ற கோளுக்கும் போகிறோம். 'அனார்க்கி ஆன்லைன்' என்ற விளையாட்டின் களம் அது. கதை நடப்பது பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து. 2004 இறுதியில் அந்த விளையாட்டை இலவசமாக ஆடவிட்டார்கள். செலவை ஈடுகட்ட, அந்தத் தொலைதூரக் கோளின் பலகைகளில் நம் காலத்து நிஜ நிறுவனங்களின் நிஜ விளம்பரங்கள் ஏறின. சந்தா கட்டியவர் பார்த்த ரூபி-கா வேறு, இலவசமாக வந்தவர் பார்த்த ரூபி-கா வேறு.

(தொடரும்)