உஷார்! ரைஃபிள் நின்றால் ஆலன் கீயைத் தேடாதீர்கள்

"பட்" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஹூஸ்டனுக்கு வெளியே நாங்கள் வழக்கமாகப் போகும் ரேஞ்ச் அது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த நண்பர் கொஞ்சமும் பதறவில்லை. "கேஸ் பத்தலைண்ணே, ரெண்டு கிளிக் திறந்துவிட்டா ஓடிடும்" என்றார். வலது கையில் ஆலன் கீ. இடது கை சார்ஜிங் ஹேண்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் ரேஞ்ச் ஆபீசர் வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டார்.

ஏஆர்-15 ரைஃபிளின் மேல்பாகத்தைக் கழற்றி, போல்ட்டை உருவி, பேரலுக்குள் தண்டை விட்டுப் பார்த்தோம். பாதி வழியில் முட்டி நின்றது. சுட்ட குண்டு வெளியே போகவே இல்லை. அறையிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, பேரலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் நிரப்பிய தோட்டா. மருந்து சரியாக விழவில்லை. அந்த ஹேண்டிலை அவர் இழுத்திருந்தால் காலித் தோட்டா வெளியே விழுந்து, அடுத்த தோட்டா ஒழுங்காக உள்ளே ஏறியிருக்கும். அடுத்த முறை விசையை அழுத்தியதும் பேரல் அவர் கைக்குள்ளேயே வெடித்திருக்கும். .223 தோட்டாவின் அறை அழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமே சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. வழி திறந்திருக்கும்போதே அவ்வளவு என்றால், வழி அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது, இந்த நண்பரைப் போல, வாயுவைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் மாட்டுகிறார்கள். அது கெட்ட பொருள் இல்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஒரு ஆபத்தான பழக்கத்தைச் சத்தமில்லாமல் நம் கையில் ஏற்றிவிடுகிறது. ரைஃபிள் நின்றால் "திருகாணிதான் காரணம்" என்று மனம் முதலில் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

ஏன் என்று பாருங்கள். குண்டு பேரலைக் கடக்கும்போது, ஓரிடத்தில் இருக்கும் சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு மேலே ஏறும். அந்தத் துளையின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் கேஸ் பிளாக். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக வாயு பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ள, காலித் தோட்டா வெளியேறி அடுத்தது ஏறும். பிளாக்கில் உள்ள திருகாணியை மூடினால் வாயு குறையும். போல்ட் முழுதாகப் பின்னால் வராது. சரி, குண்டு அந்தத் துளையை எட்டுமுன்பே சிக்கிக்கொண்டால்? அப்போதும் வாயு வராது, போல்ட் நகராது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

சிக்கிய குண்டுக்கு மூன்று அடையாளம் உண்டு: சத்தம் குறையும், உதை குறையும், போல்ட் ஓடாது. சைலன்சர் மாட்டி, காதில் மின்னணு மஃப் போட்டிருந்தால் முதல் அடையாளம் மங்கிவிடும். .223-இன் உதை எப்போதுமே லேசு என்பதால் இரண்டாவதும் எளிதில் தப்பிவிடும். மிஞ்சியிருப்பது மூன்றாவது ஒன்றுதான். அதற்கும் "கேஸ் பத்தலை" என்று நாமே பதில் தயாராக வைத்திருந்தால் நம்மைக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. போதாததற்கு, நின்ற துப்பாக்கியைக் கண்டால் மேகசினைத் தட்டு, ஹேண்டிலை இழு, சுடு என்று பயிற்சி வகுப்பிலேயே பழக்கிவைத்திருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டாலும் அந்தப் பழக்கத்தைக் கையிலேயே நிறுத்துங்கள். துப்பாக்கியின் வாயை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். மேகசினை எடுங்கள், அறையைக் காலி செய்யுங்கள், இரண்டு பின்களைத் தள்ளி மேல்பாகத்தைப் பிரித்து, போல்ட்டை வெளியே எடுத்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சிக்கியிருந்தால் நீங்களாகத் தட்டிப் பார்க்காமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அடுத்த தோட்டாவால் அதைத் தள்ளிவிடலாம் என்று சொல்பவரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள்.

கேஸ் பிளாக்கைத் தேர்வு செய்வதும் பராமரிப்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். பிளாக் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால்தான், ரைஃபிள் நிற்கும்போது சந்தேகம் சரியான இடத்துக்குப் போகும்.

முதலில், உங்களுக்கு அது தேவையா? சைலன்சர் போட்டும் போடாமலும் சுடுகிறவர்களுக்கும், போட்டிக்காக உதையைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் தேவை. சைலன்சர் மாட்டினால் பின்னழுத்தம் ஏறி, போல்ட் வேகமெடுத்து, புகை முகத்தில் அடிக்கும். மற்றவர்களுக்கு, முக்கியமாக வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர்களுக்கு, திருகாணி எதுவும் இல்லாத சாதாரண பிளாக்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கோளாறாகக்கூடிய பாகம் ஒன்று குறைகிறது.

வாங்குவதென்றால் பேரலை அளக்காமல் வாங்காதீர்கள். பிளாக் உட்காரும் இடத்தின் விட்டம் பெரும்பாலும் 0.750 அங்குலம். 0.625, 0.875, 0.936 அங்குலப் பேரல்களும் இருக்கின்றன. பலரும் விழும் குழி இன்னொன்று. பழைய முன்குறி பிளாக்குக்குப் பின்னால் கைப்பிடிக்கான ஒரு தகட்டு மூடி இருந்திருக்கும். அதன் தடிமன் ஏறக்குறைய 0.025 அங்குலம். அந்த மூடி இல்லாமல் புது பிளாக்கைப் பேரலின் தோள்வரை தள்ளி இறுக்கினால் பேரலின் துளையும் பிளாக்கின் துளையும் நேராக அமையாது. வாயு பாதி அடைபடும். பிறகு திருகாணியை எவ்வளவு திறந்தாலும் ரைஃபிள் ஒழுங்காக ஓடாது, நீங்களும் திருகிக்கொண்டே இருப்பீர்கள். அந்த இடைவெளியை விட்டுப் பொருத்துங்கள். திருகாணிகள் உட்காரப் பேரலில் சிறு குழி போடுவது, இல்லாவிட்டால் பின் அடித்து நிறுத்துவது இன்னும் உறுதி.

திருகாணி வகைகளில் வித்தியாசம் உண்டு. சிலவற்றில் திருகாணி வாயுவின் வழியை நேரடியாக நெரிக்கும். சுபர்லேட்டிவ் ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தின் பிளாக் போன்றவற்றில் மிஞ்சிய வாயுவை வெளியே விடும் வசதி இருக்கிறது. இந்திய ராணுவத்திலோ போலீசிலோ எஸ்.எல்.ஆர். பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் வழியில் இஷாபூரில் செய்த 1ஏ1 ரைஃபிளில், முன்குறிக்குப் பின்னால் இருக்கும் வளையத்தைத் திருகினால் மிஞ்சிய வாயு வெளியே போகும். எந்த வகையானாலும், வைத்த இடத்தில் கிளிக் கிளிக்கென்று பிடித்து நிற்கும் பூட்டு இல்லாத திருகாணியை நான் தொடமாட்டேன். அதிர்வில் அது தானாக நகரும்.

அளவு வைப்பதில் பேராசை கூடாது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு கிளிக் திறந்து மறுபடி. நிலையாக நிற்கத் தொடங்கியதும் அங்கேயே விட்டுவிடாமல் இன்னும் ஒன்று இரண்டு கிளிக் திறந்துவையுங்கள். ஆகஸ்ட் வெயிலில் கச்சிதமாக வைத்த அளவு ஜனவரிக் குளிரில் போதாது. குளிரில் மருந்தின் அழுத்தம் இறங்கும். அழுக்கு ஏறினாலும் போதாது. விளிம்பிலேயே வைத்திருப்பவரின் ரைஃபிள் அடிக்கடி நிற்கும். அடிக்கடி நின்றால் நிற்பதைக் கண்டு பயம் போய்விடும். என் நண்பருக்கு நடந்தது அதுதான்: அன்று காலை மட்டும் அவர் ரைஃபிள் ஐந்தாறு தடவை நின்றிருந்தது.

பிறகு கரி. துளையிலிருந்து வரும் சூட்டில் கரி திருகாணியைச் சுற்றிக் கல்லாக இறுகும். ஆறு மாதம் தொடாமல் விட்டால் ஆலன் கீதான் உருண்டுபோகும், திருகாணி அசையாது. ஒவ்வொரு ரேஞ்ச் நாளுக்குப் பிறகும், ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, திருகாணியை முழுக்க மூடி முழுக்கத் திறந்து, எண்ணிக்கையைப் பார்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதிவையுங்கள், சைலன்சருடன் எத்தனை, இல்லாமல் எத்தனை என்று தனித்தனியாக. பிளாக்கைப் பிடிக்கும் திருகாணிகளுக்குச் சாதாரண நீல லாக்டைட் போடாதீர்கள். அது தாங்குவது 150 டிகிரி செல்சியஸ் அளவுதான். பத்து நிமிட வேகமான சுடுதலில் பிளாக் அதைத் தாண்டிவிடும். ராக்செட் மாதிரி, பெருஞ்சூடு தாங்கும் பசை வேண்டும். கழற்ற நினைத்தால் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். போல்ட் கேரியரின் மேலுள்ள கேஸ் கீயின் திருகாணிகள் தளர்ந்தாலும் வாயு கசிந்து அதே கோளாறுதான் வரும். அதையும் அசைத்துப் பாருங்கள்.

300 பிளாக்அவுட்டுக்காக அட்ஜஸ்டபிள் பிளாக் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தத் தோட்டா .223-இன் மேகசினிலேயே ஏறும். சில குண்டு வகைகளோடு .223 அறைக்குள்ளும் போய் போல்ட் மூடிவிடும். சுட்டால் ரைஃபிள் சிதறும். இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒரே மேசையில் இரண்டையும் எடுத்து வைக்காதீர்கள். மேகசின்களுக்கு நிறப்பட்டை ஒட்டுங்கள்.

குண்டு சிக்கிய அந்த ரைஃபிளை நண்பர் மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். அந்தத் தோட்டாவை நிரப்பிய அதே நாளில் நிரப்பிய மீதித் தோட்டாக்கள், ஒரு டப்பா நிறைய, அவர் கராஜில் இருந்தன. நேற்றுதான் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடைபோட்டோம். இன்னும் இரண்டு தோட்டா எடை குறைவாக இருந்தது.