பேத்தியின் கல்லை எறிந்த கதை

போன மாதம் பேத்தியின் புத்தகப்பையைத் துப்புரவாக்கும்போது அடியில் ஒரு சாம்பல் நிறக் கல் கிடந்தது. "இந்தக் குப்பையெல்லாம் ஏன் பிள்ளை காவித் திரியிறாய்?" என்று கேட்டபடியே பின்வளவுக்குள் எறிந்துவிட்டேன். "அது ஃபொசில் அம்மம்மா!" என்று அழத் தொடங்கிவிட்டாள். எட்டு வயது. இரண்டு பேருமாக முக்கால் மணித்தியாலம் புல்லுக்குள் தேடி எடுத்தோம். கழுவிப் பார்த்தால் கல்லின் முகத்தில் நுணுக்கமான வரிகளோடு விசிறி மாதிரி ஓர் ஓடு.

ஊரில் இதை உயிர்ச்சுவடு என்று படித்தோம். பரீட்சைக்குப் பாடமாக்கியதோடு சரி. கையில் எடுத்துப் பார்த்தது இந்த வயதில்தான்.

அது எப்படிக் கல்லானது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த உதாரணம் புட்டுக்குழல்தான். மா, தேங்காய்ப்பூ, பிறகு மா. அடியில் இருப்பதுதான் முதலில் போட்டது. கடலடியிலும் அப்படித்தான் சேறு படையாகப் படியும். செத்த பிராணி கெதியாய்ச் சேற்றுக்குள் மூடுப்பட வேண்டும். இல்லாவிட்டால் மற்றதுகள் தின்றுவிடும், அல்லது உக்கிப்போகும். தசை போய் ஓடு மிஞ்சும். மேலே பாரம் ஏற ஏறச் சேறு பாறையாகும். நீரில் கரைந்த கனிமங்கள் ஓட்டுக்குள் ஊறும். சிலவேளை ஓடே கரைந்து அதன் அச்சு மட்டும் கல்லில் நிற்கும். கோதுமை மாவைக் குழைத்து ஒரு சிப்பியை அமத்தி எடுத்துக் காட்டினேன். அச்சு அவளுக்கு உடனே விளங்கியது.

"டைனோசர் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. ரொறன்ரோவின் கீழே உள்ள பாறை ஏறத்தாழ 45 கோடி வருடம் பழையது. டைனோசர் வந்ததே அதற்கு 20 கோடி வருடத்துக்கும் பிறகு. அந்தக் காலத்தில் இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, சூடான ஆழமில்லாத கடலுக்கு அடியில் கிடந்தது. கனடாவில் நடுங்கிக்கொண்டிருக்கிற எங்களுக்கு இதை நம்பக் கஷ்டம்தான். றிச்மண்ட் ஹில்லின் வடபாதி ஓக் ரிட்ஜஸ் மேட்டில் இருக்கிறது. அது பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும். ஆகவே அவளுடைய கல் இந்த இடத்துக் கல்லாக இருக்கத் தேவையில்லை. பனி இழுத்து வந்திருக்கலாம், லொறியிலும் வந்திருக்கலாம்.

யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லும் கடலடியில் உண்டானதுதான், மயோசீன் காலத்தில். கிணறு வெட்டிய கல்லில் சிப்பி தெரிந்தால் நாங்கள் ஒருவரும் இரண்டாம் தரம் பார்த்ததில்லை.

சனி, ஞாயிறென்றால் ரியூசன், சங்கீதம், நீச்சல் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறோம். ஒரு சனிக்கிழமையை இதற்கு விடலாம். ரொறன்ரோவில் றோயல் ஒன்ராறியோ மியூசியத்தில் 2021இல் திறந்த 'உயிரின் விடியல்' காட்சிக்கூடம் இருக்கிறது. டொன் பள்ளத்தாக்கில் பழைய செங்கல் சூளை, இப்போது எவர்கிரீன் பிரிக் வேர்க்ஸ், அங்கே வெட்டிய மண்சுவரில் கரடி அளவான இராட்சத நீர்நாயின் எச்சம் கிடைத்திருக்கிறது. நீர்நாய் என்றது பீவரைத்தான். கிரெய்க்லீத் மாகாணப் பூங்காவின் கரைப்பாறை முழுக்கத் திரைலோபைற்றுகள். அங்கே எடுத்துக்கொண்டு வர அனுமதியில்லை. பார்க்கலாம், படம் பிடிக்கலாம்.

கல் இப்போது சாமியறைத் தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள்தான் வைத்தாள். தூசி தட்டும்போது அதைத் தொடக்கூடாதென்று எனக்குக் கட்டளை.