பருவமறிந்து செலவு செய்தல்

வரவுக்குத் தக்க செலவு வேண்டும் என்பதை அறியாதார் எவரும் இலர். அறிந்தும் அதனை ஓராண்டேனும் வழுவாது கைக்கொண்டு நடப்பார் மிகச் சிலரே. ஆண்டுப் பிறப்பன்று புதுக் கணக்கேடு வாங்கிப் பத்து நாள் எழுதிப் பின்னர் அதனைப் பரண்மேல் இடுதல் பல இல்லங்களிற் காணும் காட்சியாம். மக்களின் சோம்பலே இதற்குக் காரணம் என்பர் பலர். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும், பணம் வரும் முறைக்கு ஒவ்வாத திட்டத்தை வகுத்துக்கொள்ளுதலே தலையாய காரணம் என்பது அடியேன் கருத்து. அதனை எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதியின் வாழ்க்கை கொண்டு ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றேன்.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்புறத்தே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய மலையூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலைவாணர் என்னும் பொருளது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி என்பன அவர்தம் பயிர்கள். மலையடிவாரத்திலோ நெல்லும் கரும்பும் மிகுதி. கரும்பின் பொருட்டு மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன.

இப்பயிர்களின் காலத்தை நோக்குக. கரும்பு நட்டு வெட்டுதற்கு 10 முதல் 12 மாதங்கள் வேண்டும். மரவள்ளிக்கு 8 முதல் 10 மாதங்கள் ஆகும். எனவே உழவன் கையிற் பெரும்பணம் புழங்குவது ஆண்டில் ஓரிரு முறையே. அரிசி, எண்ணெய், மருந்து, பள்ளிச் செலவு என்பனவோ பன்னிரு மாதமும் வாயில் வந்து நிற்பன. மாதந்தோறும் ஒரே தொகை பெறும் உத்தியோகத்தர்க்கு வகுத்த திட்டம் இத்தகைய இல்லத்திற்கு எங்ஙனம் பொருந்தும்? அறுவடை மாதத்தில் அது வீட்டாரைச் செல்வர் எனக் காட்டும். பயிர் நிற்கும் மாதத்தில் ஏதிலர் எனக் காட்டும். இரண்டும் பொய்த் தோற்றமே.

இப்பொய்த் தோற்றத்தால் விளையும் கேடு சிறிதன்று. அறுவடையிற் கை நீட்டமாய்ச் செலவு செய்தோர், வறண்ட மாதத்தில் வியாபாரியிடமோ வேலைக்கு ஆள் அழைத்துச் செல்லும் மேஸ்திரியிடமோ முன்பணம் பெறுவர். பெற்றபின் அடுத்த விளைச்சலின் விலையையும், தம் உழைப்பின் கூலியையும் பேசும் உரிமை அவரை விட்டு நீங்கும். முன்பணத்திற்கு மனிதர் தம்மையே ஈடாக வைத்த கொடுமையன்றோ கொத்தடிமை முறை? 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்து, அதன்பாற்பட்ட கடன்களையும் தீர்ந்தனவாக அறிவித்தது. சட்டம் பழைய கடனைத் தீர்க்கும். அடுத்த வறண்ட மாதத்திற்கு அரிசி தேடுவதோ வீட்டார் கடனாகவே நிற்கின்றது.

இதற்கு வழி யாது? கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கோமுகி அணையே அதனை உணர்த்தும். மலையிற் பெய்யும் மழை சில நாளில் ஓடி வருகின்றது. 46 அடி கொள்ளளவு உயரமுடைய அவ்வணை அதனைத் தேக்கி, வயல்களுக்கு அளவறிந்து விடுகின்றது. வெள்ளம் வந்த நாளிலேயே மதகுகளையெல்லாம் திறந்துவிட்டாற் பயிர் என்னாம்? வரவும் அத்தகையதே. திருவள்ளுவர், வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதவழிக் கேடில்லை என்பதை வலியறிதல் என்னும் அதிகாரத்திற் கூறினார். அதனை அடுத்து நிற்பது காலமறிதல். அவ்விரண்டும் அரசர்க்கு உரைத்தனவாயினும், அளவறிதலும் பருவமறிதலும் இல்லறத்தார்க்கும் ஒருங்கே வேண்டுவன என்று கொள்ளுதல் தகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு குடும்பத்திற்குச் சாகுபடிச் செலவு நீங்க மரவள்ளியால் ஆண்டில் ரூ. 60,000-மும், கூலியால் மாதம் ரூ. 3,000-மும் கிடைப்பதாகக் கொள்வோம். மாதச் செலவை ரூ. 7,000 என வரையறுப்பின், கூலி போக மரவள்ளிப் பணத்தினின்றும் மாதந்தோறும் எடுக்க வேண்டுவது ரூ. 4,000. பன்னிரு மாதத்திற்கு அது ரூ. 48,000 ஆம். எஞ்சிய ரூ. 12,000 காப்புத் தொகை. அறுவடை மாதத்திற் கையிலிருக்கும் ரூ. 60,000-இல் அம்மாதத்திற்கு உரியது ரூ. 4,000 மட்டுமே என்பதை உணர்தலே இத்திட்டத்தின் உயிர்நிலை. கிழங்கின் விலை வீழ்ந்து ரூ. 48,000 மட்டுமே வரினும் அடுப்பு அணையாது.

இனி, அந்த ரூ. 7,000-ஐப் பகுக்குமாறு: அன்றாடத் தேவைக்கு ரூ. 5,000, திருவிழா, துணிமணி, பள்ளி முதலிய தெரிந்த ஆண்டுச் செலவுகளுக்கு ரூ. 1,000, நோய்க்கு ரூ. 500, எஞ்சிய ரூ. 500 வெற்றிலை, தேநீர், குழந்தைகளின் தின்பண்டம் ஆகியவற்றிற்கு. இவ்விறுதிப் பகுதியை வீண் எனத் தள்ளுதல் கூடாது. சிறு மகிழ்ச்சிக்கும் இடந்தராத திட்டம் ஒரு திங்களுக்குள் முறிந்துபோம்.

திட்டம் வகுத்தல் எளிது, நிலைநிறுத்தலே அரிது. அதற்கு மூன்று துணைகள் உள. முதலாவது, பணத்தைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல். 1882-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்துவரும் தபால் நிலையச் சேமிப்பு வங்கி ஏழைக்கும் கதவு திறந்தது. இரண்டாவது, கணக்கைச் சுருக்குதல். ஒவ்வொரு காசையும் எழுதப் புகுவோர் விரைவிற் சலிப்பர். வாரம் ஒரு நாள் நான்கு வரிகள் எழுதுதல் போதும். மூன்றாவது, பிறர் துணை. 1989-இல் அயல் மாவட்டமாகிய தருமபுரியில் அரசால் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களை நோக்குக. குறித்த நாளில் கூடி, சிறு தொகை செலுத்தி, பலர் முன்னிலையிற் பேரேட்டில் எழுதுகின்றனர். தனியே இருப்பின் தளரும் மனம், பலர் காண நிற்கும்போது தளர்வதில்லை.

ஒன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. வயிற்றுக்கே போதாத வருவாய் உடையார்க்குக் கணக்கேடு சோறாகாது. அவர்க்கு வேண்டுவது நியாயமான கூலியும் விளைபொருளுக்கு ஏற்ற விலையுமே. அவரை நோக்கிச் சிக்கனம் போதித்தல் புண்ணிற் கோலிடுவது போலாம். ஆயினும், எத்துணைச் சிறிதாயினும் எஞ்சுவது உண்டாயின், அதனை முன்பணக்காரர் கைக்குப் போகாமற் காப்பது இப்பழக்கமே.

மாணவ நண்பர்காள்! விடுதியில் உறையும் நம்மிற் பலர்க்கும் பணம் வருவது பருவத்திற்கு ஒருமுறையே. அது பெரும்பாலும் ஒரு மரவள்ளிக் காட்டின் விலையாகவோ, ஒரு கரும்பு வெட்டின் விலையாகவோ இருக்கும். அதனைப் பெற்ற அன்றே, பருவத்தில் எஞ்சிய வாரங்களின் தொகையால் வகுத்து, அவ்வாரத்தின் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொள்வோமாக. அங்ஙனம் செய்யின், தேர்வு மாதத்தில் உணவுக் கட்டணத்திற்காக வீட்டிற்குக் கடிதம் எழுத நேராது. அக்கடிதத்திற்காக நம் பெற்றோர் வியாபாரியின் திண்ணையில் காத்து நிற்கவும் நேராது.