ஒற்றைத் தோணியில் தூண்டிலும் துணைக்கருவிகளும்

மீரியபெத்த என்னும் பெயரைச் சொன்னதும் நேயர்களிற் பலருக்கு 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவே நினைவுக்கு வரும். அது இயல்பே. ஆயினும், ஓர் ஊர் தன் துயரத்தால் மட்டும் அறியப்படுவது அவ்வூராருக்கு உவப்பான செய்தியன்று. கொஸ்லந்தையைச் சூழ்ந்த அந்தத் தோட்டங்களில் வளர்ந்த இளைஞர் பலருக்குத் தூண்டில் மீது தீராத காதல் உண்டு. அக்காதலை முன்னிட்டு ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசவே இன்று வந்துள்ளேன்.

பேராகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால், சற்று நேரத்தில் தேயிலை மறைந்துவிடும். வழியில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. அந்நீர் கிரிந்தி ஓயாவோடு கலந்து, கீழே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. வெல்லவாயவைச் சுற்றிலும் ஹந்தபானகல முதலான குளங்கள் பல உள. 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், அதற்கு முன்னரே இங்கு வாழ்ந்த விராலும் கெளுத்தியும் இத்தகைய குளங்களிலே கிடைக்கும். மலையிலே ஓடையின் கரையில் நின்று கெண்டைக் குஞ்சு பிடித்துப் பழகிய பையன் ஒருவன் இத்தகைய பரந்த நீரைக் காணும்போது, கரையில் நின்றால் போதாது, நடுவே செல்ல வேண்டும் என்று எண்ணுவான். இடர் தொடங்குவதும் அங்கேதான்.

இக்குளங்களில் தொழில் செய்வோர் ஏறிச் செல்வது சிங்களத்தில் ‘ஒருவ’ எனப்படும் தோணி. முன்னர் மரத்தைக் குடைந்து செய்தார்கள். இன்று பெரும்பாலும் கண்ணாடியிழையால் வார்க்கிறார்கள். தோணி மிக ஒடுக்கமானது. ஆனால் அதன் ஒரு பக்கத்தே, குறுக்குக் கழிகள் இரண்டினாற் பிணைக்கப்பட்ட மிதவைக் கட்டையொன்று நீரைத் தொட்டுக்கொண்டே வரும். தோணி அப்பக்கம் சாய முயன்றால் கட்டையின் மிதப்பு தடுக்கும். மறுபக்கம் சாய முயன்றால் கட்டையின் கனம் தடுக்கும். எழுந்து நின்று வலை வீசினாலும் தோணி பொறுத்துக்கொள்ளும்.

அண்மைக் காலத்தில் வேறொரு தோணியும் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு வந்துள்ளது. அதன் பெயர் கயாக். ஒருவர் காலை நீட்டி அமர்ந்து, இரு முனையும் அகன்ற துடுப்பினால் வலமும் இடமும் மாறிமாறி வலிக்கும் பிளாஸ்டிக் படகு அது. பொல்கொடை ஏரியிலும் பெந்தோட்டை ஆற்றிலும் உல்லாசப் பயணிகள் அதனைச் செலுத்தக் காணலாம். மீன்பிடிக்கென்றே செய்யப்படும் கயாக் மூன்று முதல் நான்கு மீற்றர் நீளமும், ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டிருக்கும். அதற்குப் புறமிதவை இல்லை. அம்மிதவை செய்யும் வேலையில் ஒரு பகுதியை, உள்ளிருக்கும் பொருள்களை நாம் வைக்கும் ஒழுங்கே செய்ய வேண்டியிருக்கிறது. எனவே தூண்டில்களை எங்கே வைப்பது, பெட்டியை எங்கே கட்டுவது என்ற வினாக்களை வெறும் வசதிபற்றியனவென்று தள்ளிவிட முடியாது. உயிரும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

இந்த ஒழுங்கை முதன்முதல் கற்றுத் தேர்ந்தவர்கள் வடதுருவக் கரைகளில் வாழும் இனுயிட் மக்கள். கயாக் என்னும் சொல்லும் அவர்களுடையதே. கிறீன்லாந்தின் வேட்டைக்காரர், ஒதுங்கிய மரத்தாற் சட்டமமைத்துக் கடல்நாயின் தோலைப் போர்த்துச் செய்த அந்தத் தோணியில், அரை மீற்றர் அகலத்துக்குள் ஒரு முழு வேட்டைக்கான கருவிகளைக் கொண்டு சென்றனர். மேற்றளத்தின் குறுக்கே தோல் வார்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கருவியும் அவற்றுள் தனக்குரிய வாரின் கீழே செருகப்பட்டிருக்கும். எறியீட்டி வலக்கை எட்டும் பக்கத்தில் இருக்கும். ஈட்டியோடு இணைந்த நீண்ட தோற்கயிறு, வேட்டைக்காரனுக்கு நேர் முன்னே சிறு கால்களின்மேல் நிற்கும் தட்டிலே சுருள் சுருளாகக் கிடக்கும். கயிற்றின் மறுமுனை அவன் பக்கமாகச் சென்று, முதுகுக்குப் பின்னே கிடக்கும் காற்றடைத்த தோற்பையோடு பிணைந்திருக்கும்.

ஈட்டி கடல்நாயிற் பாய்ந்ததும் அது நீருள் மூழ்கி ஓடும். தட்டிலுள்ள கயிறு சிக்கின்றி அவிழ்ந்து ஓட வேண்டும். அதே வேளையில் வேட்டைக்காரன் பின்னே கையை நீட்டித் தோற்பையை எடுத்து நீரில் எறிந்துவிட வேண்டும். கயிற்றின் ஒரு மடிப்பு அவன் கையிலோ தோணியிலோ மாட்டிக்கொண்டால், விலங்கு அவனையும் தோணியையும் சேர்த்துப் புரட்டிவிடும். பனிக்கடலிலே அதன் பொருள் யாதென்று விளக்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்க நேரமில்லாத அக்கணத்தில் அவனைக் காப்பது, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொருளும் அதே இடத்தில் இருந்தமையே.

இஃதென்ன தொலைவான உலகத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். நம் தோட்டத்துப் பெண்மணி கொழுந்து பறிப்பதைக் கண்டிருக்கிறீர்கள். கண் தேயிலைச் செடியின்மீது இருக்கும். இரு கைகளும் கொழுந்தைக் கிள்ளும். கை நிறைந்ததும் தோளுக்குமேலே பின்புறம் எறிவார். கொழுந்து தவறாமற் கூடையில் விழும். கூடை எங்கே இருக்கிறதென்று அவர் ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூடையின் கனமோ தலையில் இட்ட கயிற்றால் முதுகோடு ஒட்டி நிற்கின்றது. பக்கத்தே தொங்கினால் அந்தச் சரிவில் நான்கு அடி நடக்க முடியுமா? பாரம் உடலின் நடுக்கோட்டை ஒட்டியிருத்தல், கை பாராமலே அறியும் இடத்திற் பொருள் இருத்தல், வேலை செய்யும் கை வெறுங்கையாக இருத்தல் ஆகிய மூன்றும் கிறீன்லாந்து வேட்டைக்காரனுக்கும் அவருக்கும் பொதுவானவை. கயாக்கில் தூண்டில் போடப் போகிறவர் இதற்கு மேல் கற்க வேண்டிய தத்துவம் அதிகமில்லை. எஞ்சியவை நுணுக்கங்கள்.

நான் இதனை எளிதாகக் கற்றேன் என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வெல்லவாயப் பக்கத்துக் குளமொன்றில், இரவல் வாங்கிய கயாக்கில் நான்கு தூண்டிற்கோல்களுடன் இறங்கினேன். நான்கையும் இருக்கைக்குப் பின்னே ஒரு கூடையில் நட்டு நிறுத்தியிருந்தேன். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. மடிமேல் ஒரு பெட்டி. காலடியில் தண்ணீர்ப் போத்தல், கத்தி, கைவலை. கரையிலே வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தோட்டத்திலிருந்து பல்லாண்டுகளுக்குமுன் அங்கே குடியேறியவர், என்னை நோக்கி, “என்னா தம்பி, தண்ணிமேல கடை போடப் போறீங்களா?” என்றார். “இல்லீங்க ஐயா, எல்லாம் தேவைப்படும்” என்றேன். “கை ரெண்டுதானே தம்பி?” என்றார் அவர்.

அரை மணி நேரத்துக்குள் அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. குளத்தில் நீர் நிறைந்தபோது மூழ்கிய காட்டு மரங்கள் பட்டுப்போய் நின்றன. அவற்றின் கிளையொன்று பின்னே நின்ற கோல் ஒன்றைப் பற்றிக்கொண்டது. அதை விடுவிக்கத் திரும்பினேன். உடல் திரும்பியதும் தோணி சாய்ந்தது. மடியிலிருந்த பெட்டி கவிழ்ந்து தூண்டில் முட்களெல்லாம் காலடியில் பரவின. நான் நீரில் விழவில்லை. ஆனால் முட்களின் நடுவே காலை அசைக்காமல் கரைவரை துடுப்பு வலித்த அந்தப் பயணத்தை மறக்கவும் முடியவில்லை.

ஆகவே முதற்கண் கோல்களின் தொகையைக் குறைத்தல் வேண்டும். இரண்டு போதும், பழகாதவர்க்கு ஒன்றே மேல். கையில் இல்லாத கோலை இருக்கைக்குப் பின்னே, வெளிப்புறமாகச் சாய்ந்த குழாயில் நிறுத்தலாம். தோணியிலேயே அத்தகைய குழாய் பதித்திருப்பார்கள். இல்லையெனில் பிளாஸ்டிக் கூடையொன்றின் பக்கத்தில் பி.வி.சி. குழாய்த் துண்டு இரண்டைக் கட்டி, அக்கூடையை இருக்கைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் அசையாமற் பிணைத்துக்கொள்ளலாம். உலகெங்கும் கயாக் மீனவர் பால் போத்தல் சுமக்கும் கூடைகளை இவ்வாறு பயன்படுத்துகின்றனர். முன்புறத்தில் கோலை நிறுத்துவோரும் உளர். அங்கே அது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஆனால் துடுப்பு சுழலும் வழியில் நின்றால் ஒவ்வொரு வலிப்பிலும் இடிக்கும். நின்ற மரங்களுள்ள குளங்களில் கோலை நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து. தோணியின் நீளவாக்கில் படுக்கவைத்து, நுனி முன்முனையைத் தாண்டாதவாறு ரப்பர்ப் பட்டியால் பிடித்துவைக்க வேண்டும். முள்ளைக் கோலின் அடியிலுள்ள சிறு வளையத்தில் மாட்டி, தங்கூசியை இறுக்கிவிட்டால் அது காற்றில் ஆடி ஆளைக் குத்தாது.

அடுத்து, பெட்டி. கடையில் வாங்கிய தட்டுத் தட்டான பெரிய பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். அன்றைய மீனுக்கு வேண்டிய முட்களும் ஈயக்குண்டுகளும் மிதவைகளும் கையகலப் பெட்டி ஒன்றில் அடங்கும். மூடி இறுக மூடுவதாகவும், ஒரு கையால் திறக்கக்கூடியதாகவும் இருத்தல் நன்று. அதன் இடம் இரு முழங்கால்களுக்கு நடுவே, படகின் அடித்தளத்தில். மடியன்று. பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரம், குடிநீர் போன்ற கனமான பொருள்களை எவ்வளவு தாழ வைக்கிறோமோ அவ்வளவு தோணி உறுதிபெறும். நடுக்கோட்டினின்றும் விலகும் ஒவ்வொரு சாணும் அதன் உறுதியைக் குறைக்கும். கூடைமேற் கூடை அடுக்குவோர், ஆனி ஆடி மாதங்களிற் கச்சான் காற்று பிற்பகலில் வீசும்போது அதன் பயனை அறிவர். உயர்ந்து நிற்கும் யாவும் காற்றுக்குப் பாய்.

நங்கூரத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். கைக்கு அருகே இருக்கிறதென்று, இருக்கையின் பக்கத்திலேயே கயிற்றைக் கட்டிவிடுவது பலருடைய வழக்கம். காற்றோ நீரோட்டமோ தோணியைத் தள்ளும்போது, அக்கயிறு பக்கவிளிம்பைக் கீழ்நோக்கி இழுக்கும். தண்ணீர் ஏறும், தோணி புரளும். இழுவை எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ அமைய வேண்டும். இதற்காகவே பக்கவாட்டில் இரு கப்பிகளுக்கிடையே வளையமொன்றை ஓடவிட்டு, நங்கூரக் கயிற்றை அவ்வளையத்தின் வழியே முனைக்கு நகர்த்தும் முறை வந்துள்ளது. முடிச்சோ ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்க வேண்டும். அவிழாவிட்டால் அறுப்பதற்குக் கத்தி வேண்டும். அந்தக் கத்தி பெட்டிக்குள் இருந்து பயனில்லை. அணிந்திருக்கும் உயிர்காப்பு அங்கியின் மார்பில் உறையோடு இருக்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கி என்றேன். அதனை இருக்கைக்குப் பின்னே செருகி வைத்திருப்போரைக் கண்டிருக்கிறேன். கிறீன்லாந்து வேட்டைக்காரன் தன் தோற்பையை அங்கே வைத்தான், உண்மையே. ஆனால் அது விலங்குக்குரிய மிதவை. நமக்குரிய மிதவை நம் உடலின்மேல் இருப்பதே முறை.

கட்டுவதிலும் ஓர் அளவு உண்டு. துடுப்பை இழந்தவன் நடுக்குளத்தில் கையற்றவனாவான். ஆதலால் துடுப்பைக் குறுகிய கயிற்றால் தோணியோடு பிணைப்பது நல்லது. கோலுக்கும் அவ்வாறே செய்வர். ஆனால் எல்லாவற்றுக்கும் நீண்ட கயிறு கட்டிவிட்டால், தோணி புரளும்போது அக்கயிறுகள் சேர்ந்து ஒரு வலையாகும். அவ்வலையில் அகப்படும் மீன் நாமே. கயிறு குறுகியதாய், சுருங்கி நீள்வதாய் இருக்கட்டும். எந்தக் கயிற்றின் முனையையும் உடலிற் கட்டக் கூடாது.

மேற்றளத்தில் மூடியிட்ட அறைகள் சில கயாக்குகளில் உண்டு. கரையிலிருந்து புறப்படுமுன் கோலையும் மாற்றுடையையும் அவற்றுள் வைக்கலாம். நடுநீரில் அம்மூடியைத் திறத்தல் தகாது. உட்புறம் முழுதும் ஒரே வெற்றறையாக இருக்குமாதலின், ஏறிய நீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்ந்து தோணியைத் தள்ளாடச் செய்யும்.

இன்னொன்று, இப்பகுதிக்கே உரியது. பிடித்த மீனைக் கயிற்றிற் கோத்துத் தோணியின் பக்கத்தே நீரில் தொங்கவிடுவது பல நாடுகளின் வழக்கம். நம் வறண்ட வலயத்துக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் முதலைகள் உள. மீனை ஈரச்சாக்கிற் சுற்றிப் பின்பள்ளத்தில் இடுக. சரணாலய எல்லைக்குட்பட்ட நீர்நிலைகளுக்குத் தனி விதிகள் உண்டு என்பதையும், எங்கேனும் இறங்குமுன் அவ்விடத்து மீனவர் சங்கத்தாரைக் கேட்பது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய வலை எங்கே கிடக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வொழுங்கெல்லாம் சரியாக அமைந்ததா என்று அறிய நீருக்குப் போக வேண்டியதில்லை. லயத்து இஸ்தோப்பிலேயே சோதிக்கலாம். தரையில் காலை நீட்டி அமர்க. கோல், பெட்டி, கத்தி, கைவலை, தண்ணீர் யாவற்றையும் தோணியில் வைக்க எண்ணிய வண்ணமே சுற்றிலும் வைக்க. பின்பு கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பைத் திருப்பாமல், ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் அதன் இடத்தில் வைக்க. எதைத் தேடிக் கை துழாவுகிறதோ அது தவறான இடத்தில் இருக்கிறது. எது எட்டவில்லையோ, அது இல்லாமல் அன்றைய நாளைக் கழிக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க. பெரும்பாலும் முடியும்.

அது முடிந்தபின், துணையாக ஒருவரைக் கரையில் நிறுத்தி, இடுப்பளவு ஆழமுள்ள, பாதுகாப்பானதென்று ஊரார் சொல்லும் நீரில், முட்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, அங்கியை அணிந்துகொண்டு, தோணியை வேண்டுமென்றே ஒருமுறை புரட்டிப் பார்க்க. எவை மிதந்து சென்றன, எவை மூழ்கின, எவை இருந்த இடத்திலேயே இருந்தன, எந்தக் கயிறு காலைச் சுற்றிற்று என்று எண்ணுக. மூழ்கியவற்றைக் கட்டுக, சுற்றிய கயிற்றை வெட்டுக. பிறகு தோணியை நிமிர்த்தி ஏறி, இன்னும் ஒருமுறை புரட்டுக. நான் மூன்றாம் முறை புரட்டியபோது, அதே பெரியவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என்னிடம் இருந்தது ஒரு கோலும், சட்டைப் பையளவு தகரப் பெட்டியும் மட்டுமே. “இனி போகலாம் தம்பி” என்றார்.